கேக் மலையும் காணாமல் போன மணப்பெண்ணும்

அத்தியாயம் 9

மணப்பெண்ணைக் காணவில்லை என்று தெரிந்ததும் மண்டபமே கை தட்டியது.

பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் ஃபால்செர்ன் பள்ளத்தாக்கில் அப்படித்தான். தேவாலயத்தில் மோதிரம் மாற்றி, வயிறு முட்டத் தின்று, பித்தளை வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் யாராவது பெண்ணை நைசாகக் கிளப்பிக்கொண்டு போய் வேறொரு சாராயக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திருடியவன் என்ன அபராதம் விதிக்கிறானோ அதற்குக் கட்டுப்பட்டு மீட்டுக்கொண்டு வரவேண்டும். பாட்டுப் பாடச் சொல்வான், பாத்திரம் தேய்க்கச் சொல்வான். போன வருடம் ஒரு மாப்பிள்ளை கழுதைக்கு முத்தம் கொடுத்தான். கழுதைதான் பாவம், ரொம்ப நேரம் தும்மியது.

ஆகவே மணப்பெண் சென்ஸியைக் காணோம் என்றதும் புர்கியும் வாய் நிறைய ரொட்டி உருண்டையோடு கை தட்டினாள். அவளுடைய முதலாளி, இன்ஸ்ப்ரூக் நகரத்துத் துப்பறியும் நிபுணர் ரோமெட், தட்டவில்லை. அறிவாளி என்பதால் அல்ல. அவருடைய இரண்டு கைகளிலும் பன்றித் தொடைக்கறி இருந்தது.

இருவரும் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள். மூன்று வருடத்துக்கு முன் அந்த வீட்டில் காணாமல் போன பசுவை ரோமெட் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். கொலைக் கேஸ்களைத் தீர்த்த மனிதரை இந்த ஊர் பசுவுக்காகத்தான் ஞாபகம் வைத்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இரண்டு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வென்டலின் ஓடி வந்தான். நெடுநெடுவென்ற உருவம், முறுக்கிவிட்ட மீசை, பச்சைக் கோட்டு. மூச்சு இரைத்தது.

"சார்! எல்லாக் கடையும் பாத்துட்டேன். எங்கயும் இல்ல."

"கூட்டாளிங்களக் கேட்டீங்களா?"

"இவன் தூக்கினான்னு அவன் சொல்றான், அவன் தூக்கினான்னு இவன் சொல்றான். எல்லாரும் இங்கயேதான் உக்காந்து குடிச்சிட்டு இருக்கானுங்க சார்!"

ரோமெட் கறியைக் கீழே வைத்தார். அவர் கறியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று புர்கிக்குத் தெரியும்.

"யாருமே திருடல," என்றார் ரோமெட். "வேற எவனோ திருடிட்டான்னு நெனச்சு ஊரே சிரிச்சுக்கிட்டு இருக்கு."

"நல்ல ஊரு முதலாளி," என்றாள் புர்கி. "இங்க ஒரு கொலை நடந்தாக்கூட வாத்தியம் வாசிப்பாங்க."

---

மண்டபம் இருந்த விடுதியின் கீழ்த்தளத்தில், பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகள் வைக்கும் அறை. மூவரும் இறங்கிப் போனபோது அங்கே வெற்று ஆணியைப் பார்த்தபடி ஒருவர் நின்றிருந்தார். காஸியான். பெண்ணின் அப்பா, பள்ளத்தாக்கின் மூத்த மலை வழிகாட்டி, மலை மீட்புக் குழுவின் தலைவர். பாறையில் செதுக்கி, மூக்கை மட்டும் பெரிதாக விட்டுவிட்டது போன்ற முகம்.

"கட்டை இல்ல. பூட்ஸ் இல்ல. பை இல்ல," என்றார். "மேல போயிருக்கா."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் சென்ஸியும் வென்டலினும் கால்ட்வாண்ட் சிகரத்துக்கு ஸ்கீயிலேயே ஏறி, ஸ்கீயிலேயே இறங்குவதாக ஏற்பாடு. அவர்களுக்குத் தேன்நிலவே அதுதான். நாலு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். ஊரே தொலைநோக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"நாளைக்குப் பனி எப்படி இருக்கும்னு முன்னாடியே பாத்துட்டு வரப் போயிருக்கா. நான் வளத்த வளப்பு," என்றார் காஸியான். குரலில் பெருமை இருந்தது. ஆனால் கை அதற்குள் கயிற்றைத் தேடியது. ஏப்ரல் மாதம், பிற்பகல் மூன்று மணி, வெளியே பல்லைக் காட்டும் வெயில். விடியற்காலையில் கல் மாதிரி இருக்கும் பனி இந்நேரத்துக்குக் கஞ்சியாகியிருக்கும். ஒரு சரிவு முழுக்க ஒருவர் தலைமேல் வந்து இறங்க அது போதும்.

"மீட்புக் குழு!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் மேல கெளம்புங்க!"

மீட்புக் குழு முழுவதும் கல்யாணத்துக்கு வந்திருந்தது. அதில் மிகவும் நிதானமாக இருந்தவரே பேரிக்காய்ச் சாராயத்தை நாலு சுற்று முடித்திருந்தார். ஒவ்வொருவராகத் தள்ளாடி இறங்கி வந்து பூட்ஸைத் தேடினார்கள்.

"கால் மணி நேரம் குடுங்க," என்றார் ரோமெட்.

"பனிச்சரிவு கால் மணி நேரம் குடுக்குமா?"

"உங்க ஆளுங்க பூட்ஸ் மாட்டறதுக்கே அவ்வளவு நேரம் ஆகும் பெரியவரே," என்றாள் புர்கி. "அதோ பாருங்க, ஒருத்தர் ரெண்டு காலையும் ஒரே பூட்ஸுல விட்டுட்டு நிக்கறாரு."

காஸியான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மனிதரைப் பிரித்தெடுக்கப் போனார்.

வென்டலினுக்கு அழுகை பொங்கியது. பெண்ணின் வெற்று ஆணிக்குப் பக்கத்து ஆணியில் அவனுடைய சாமான்கள் தொங்கின. அதில் நீளமான ரோமப் பட்டை ஒன்றை உருவி, மூக்கைச் சிந்தி, முகத்தை அழுத்தித் துடைத்தான்.

பட்டை முகத்தோடு நின்றுவிட்டது.

ஸ்கீ கட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு மலையேறுகிற பட்டை அது. ரோமம் பனியைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. மறுபக்கம் முழுக்கப் பசை. இந்த ஊரில் பால்பல் விழாத குழந்தைக்கும் அது தெரியும்.

"ம்ம்ம்ம்!" என்றான் வென்டலின், பட்டைக்குள்ளிருந்து.

"அசையாதீங்க மாப்பிள்ளை. நல்லதா நாலு விஷயத்த நெனச்சுக்கோங்க," என்று சொல்லிப் புர்கி வெடுக்கென்று இழுத்தாள். பட்டை வந்தது. இடது பக்க மீசையும் கூடவே வந்தது.

வென்டலின் போட்ட சத்தத்தில் மேலே வாத்தியம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

ரோமெட் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடையில் போட்டுக் கொடுத்த மெல்லிய பாதுகாப்பு வலை அதன் ஒரு முனையில் இன்னும் அப்படியே இருந்தது; ஒருமுறைகூட உபயோகிக்காத பட்டை. "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"துண்டுன்னு... நெனச்சேன்."

"இதை மாட்டிக்கிட்டு நாளைக்கு மலை ஏறப்போறவரு நீங்க."

வென்டலின் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "சார், நான் மலைல காலே வெச்சதில்ல. எங்க குடும்பம் மலைக்கு ஆளுங்கள ஏத்தற லிஃப்ட் நடத்தற குடும்பம். பொத்தானை அமுத்தினா மேல போயிடுவோம். எவனாவது நடப்பானா?"

"அப்புறம் ஏன் ஏறுவேன்னு பீத்திக்கிட்டீங்க?" என்றாள் புர்கி.

"காஸியான் மாமா பொண்ணுங்க அவ! மலை ஏறாதவனுக்கு அந்த மனுஷன் வணக்கம்கூடச் சொல்ல மாட்டாரு. பொண்ணு குடுப்பாரா? சென்ஸியும் அப்படித்தான் நெனப்பான்னு பயந்துட்டேன். மேப்பை விரிச்சு வெச்சு அவ என்ன சொன்னாலும் 'ஆஹா, அருமை'ன்னு தலையாட்டினேன். இப்போ நான் டூப்புன்னு கண்டுபிடிச்சிருப்பா. அதான் தனியாப் போயிட்டா." மீதி மீசை துடித்தது. "எனக்கு அவ வேணும் சார். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

புர்கிக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது அவளுக்குப் பிடிக்காத விஷயம்.

---

மண்டபத்தில் கேக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். மேசை கொள்ளாத கேக். கால்ட்வாண்ட் மலையையே சர்க்கரைப் பனியோடு அச்சு அசலாகச் செய்து நிறுத்தியிருந்தார் ரொட்டிக்கடை கோத்ஹார்ட். மறுநாள் ஏறும் வழி சாக்லேட் கோடு. இறங்கும் வழி ஜாம் கோடு. சரிவில் கை கோத்துக்கொண்டு சறுக்கும் இரண்டு பாதாம் பொம்மைகள். பின்னால் ஆரஞ்சுப்பழ நிறத்தில் சாயங்காலச் சூரியன்.

புர்கி ஒரு ஓரத்தை எடுக்கக் கை நீட்டினாள். ரோமெட் தட்டிவிட்டார்.

"அது சாட்சி."

"ஒரு சின்ன சாட்சி முதலாளி..."

"மொதல்ல பாரு. அப்புறம் தின்னு."

புர்கி பார்த்தாள். காலையிலும் பார்த்திருந்தாள், 'அடேயப்பா, என்ன துணிச்சல்!' என்று சொல்லிவிட்டும் போயிருந்தாள். இப்போது பசியில்லாத கண்ணோடு, கேக்கைத் தொடாமல் கோட்டின் மேலேயே விரலை ஓட்டினாள்.

"சாக்லேட் கோடு வடக்குச் சுவர் மேல நேரா ஏறுது," என்றாள் மெதுவாக. "ஒரு வளைவுகூட இல்ல. அந்தச் சரிவுல வளைஞ்சு வளைஞ்சு போனாலே நாக்கு தள்ளும். நேரா ஏறணும்னா பல்லிதான் ஏறணும்."

"ஜாம்?"

"தெக்கு முகத்துல இறங்குது. அதுவும் சூரியன் சாயற நேரத்துல! அங்க ஏப்ரல்ல பத்து மணிக்கு மேல நாய்கூடப் போகாது. மத்தியானம் ஆனா நம்ம மலைநாட்டுக்காரன் கீழ வந்து சூப் குடிச்சுக்கிட்டு இருப்பான். அதுக்கு மேல மலைல நிக்கறவன் ஒண்ணு பைத்தியம், இல்ல மலை தெரியாத வியன்னாக்காரன்."

ரோமெட் ரொட்டிக்கடைக்காரரின் பக்கம் திரும்பினார். "இந்த வழி யாரு சொன்னது?"

கோத்ஹார்ட் தொப்பியைக் கசக்கினார். "ரெண்டு பேருந்தான் வந்தாங்க. கோடு எங்க போடறதுன்னு கேட்டேன். 'சென்ஸி சொல்லட்டும்'னாரு மாப்பிள்ளை. 'வென்டலின் சொல்லட்டும்'னா பொண்ணு. இப்படியே என் ரொட்டி கருகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. கடைசில பொண்ணு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு விரலால ரெண்டு கோடு இழுத்துச்சு."

"தப்புன்னு உமக்குத் தோணலையா?"

"தோணுச்சு சார். ஆனா காஸியான் பொண்ணாச்சே! ஏதோ புது ஸ்டைல் போலிருக்குன்னு விட்டுட்டேன். நான் போய்க் கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு ஊரே சிரிக்காதா?"

காலையிலிருந்து முந்நூறு பேர் அந்த கேக்கைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புர்கி உட்பட. இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன் பெண்டாட்டிக்குத் துரோகம் செய்ததைக்கூட ஒப்புக்கொள்வான், மலை விஷயம் தனக்குப் புரியவில்லை என்று மட்டும் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். புர்கிக்குக் காது சுட்டது.

"அப்போ பொண்ணுக்கும் மலை தெரியாது!" என்றாள்.

"தெரியாதுங்கறதைவிட, பயம். மலையைக் கேக்குல பாக்கறதுக்கே கண்ணை மூடியிருக்கா."

"மாப்பிள்ளையும் டூப்பு, பொண்ணும் டூப்பு. நாலு மாசமா ரெண்டு டூப்பும் ஒண்ணையொண்ணு பாத்துத் தலையாட்டியிருக்கு!" புர்கி நெற்றியில் அறைந்துகொண்டாள். "ஆனா முதலாளி, பயந்தவ கட்டையை எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?"

"கட்டை இல்லேன்னா நாளைக்கு மலை உண்டா?"

புர்கி ஒரு நொடி விழித்தாள். பிறகு வாசலை நோக்கி ஓடினாள். ஓடும்போது சாட்சியில் ஒரு ஓரத்தைக் கிள்ளிக்கொண்டுதான் ஓடினாள்.

---

சமையற்கட்டுக்குப் பின்னால் பீர் பீப்பாய் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் காணோம். பனி உருகிய சேற்றில் அதன் தடம் பளிச்சென்று ஓடியது. மலைப் பக்கம் அல்ல. நேர் எதிர்ப் பக்கம், சரிவில் இறங்கி, மாப்பிள்ளை வீட்டு மாட்டுத் தொழுவத்தை நோக்கி.

"மலைக்குப் போறவ கட்டையைத் தோள்ல வெச்சுக்குவா," என்றார் ரோமெட், மூச்சு வாங்க. "இவ குப்பை மாதிரி வண்டில தள்ளிட்டுப் போயிருக்கா."

தொழுவத்துக்குப் பின்னால் எருக்குவியல் ஆவி பறக்க நின்றது. புதிதாகக் கிளறிய குவியல். உச்சியில் மாட்டுக் கொம்பு போல இரண்டு ஸ்கீ முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எரு அள்ளும் முள்வாரியில் கல்யாண முக்காடு ஆடியது.

பின்னாலேயே ஓடி வந்திருந்த வென்டலின் முழங்காலில் விழுந்தான். "ஐயோ, என் சென்ஸியைப் புதைச்சுட்டாங்களே!" வெறுங்கையால் எருவை வாரத் தொடங்கினான்.

"மாப்பிள்ளை, கட்டையைத்தான்..." என்று ஆரம்பித்தாள் புர்கி. அதற்குள் பூட்ஸ் ஒன்று வெளியே வந்து விழ, அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் கதறினான்.

தொழுவத்துக்குள் யாரோ தும்மினார்கள்.

உள்ளே, பால் கறக்கும் முக்காலியில் சென்ஸி உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை எரு, இடுப்புக்கு மேல் மணப்பெண். ஒரு பழுப்புப் பசு அவள் தலையிலிருந்த பூக்கிரீடத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ரோமெட்டைப் பார்த்ததும் பாசத்தோடு கத்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிட்ட வராதீங்க!" என்று அழுதாள் சென்ஸி. "பொதைக்கும்போது உள்ள விழுந்துட்டேன். இந்தக் கோலத்துல எப்படி வருவேன்? வென்டலின், என்ன மன்னிச்சிடு. எனக்கு மலைன்னாலே குலை நடுங்கும். நீ பெரிய வீரன். உனக்கு நான் பொருத்தமே இல்ல."

"நான் வீரனா?" வென்டலின் பூட்ஸைக் கீழே போட்டான். "சென்ஸி, நான் ரோமப் பட்டைல மூக்கு சிந்தினவன். மீசையப் பாரு!"

அவள் பார்த்தாள். அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தக் கதையெல்லாம்? ராத்திரில பனிக்குகைல தூங்கினேன்னு சொன்னது?"

"லிஃப்ட் கரண்ட் போயி நடுவுல நின்னப்ப, உள்ளயே தூங்கினேன். அது ஒண்ணுதான் என் சாகசம்."

அவன் அப்படியே போய் அவளைக் கட்டிக்கொண்டான். பச்சைக் கோட்டின் கதி என்ன ஆகும் என்று யாரும் கவலைப்படவில்லை.

"நீ எங்கயோ பனிக்கு அடில கெடக்கேன்னு நெனச்சேன்டி," என்றான். "இனிமே நீ எதுக்குப் பயந்தாலும் என்கிட்ட சொல்லிடு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள் சென்ஸி அவன் தோளில் முகம் புதைத்து. "ஊர் முன்னாடி அவரு தலை குனிஞ்சிடும். எனக்கு மலையைவிட அதான் பயம்."

"தெரிஞ்சிடுச்சு," என்றது வாசலில் ஒரு குரல்.

காஸியான் நின்றிருந்தார். தோளில் கயிறு, கையில் பனிக்கோடாலி. பின்னால் சந்தில் மீட்புக் குழுவும், அதற்குப் பின்னால் பாதிக் கல்யாணமும் தள்ளாடியபடி வந்துகொண்டிருந்தன. பசுகூட மெல்லுவதை நிறுத்தியது.

"சின்ன வயசுலேர்ந்து என் பின்னாடியே எல்லா மலையும் ஏறியிருக்கியே," என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டுதான்பா வருவேன். உங்க பை வாரைப் பிடிச்சுக்குவேன்."

"சிகரத்துல நின்னு அழுவியே. சந்தோஷம்னு நெனச்சேன்."

"இறங்கணுமேன்னு அழுதேன்பா."

அவர் கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பெண்ணின் கன்னத்திலிருந்த எருவைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"உசுரோட இருக்கே," என்றார். "போதும்."

வெளியே கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. "பொண்ணு கெடச்சாச்சா? திருடன் யாரு? திருடனைக் காட்டு!" என்று நூறு தொண்டைகள் கத்தின.

வென்டலின் ரோமெட்டைப் பார்த்தான். ரோமெட் புர்கியைப் பார்த்தார். கதவைத் திறந்தால் எருவும், கட்டையும், கேக்கும், நாலு மாதப் பொய்யும் ஊருக்கு முன்னால் கொட்டிவிடும்.

காஸியான் கதவைத் திறந்தார்.

"நான்தான்," என்றார்.

பொய் என்று ஒன்று தன் வாயிலிருந்து வந்ததே இல்லை என்று சொல்லித் திரிகிற மனிதர் அவர்.

"நான்தான் திருடினேன். மீட்புக் குழுவக் கூப்பிட்டதும் நாடகம்தான். இழுத்துட்டு வர்றப்ப எருவுல விழுந்துட்டா. ஏன், பெத்தவன் திருடக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்போ அபராதம்!" என்று ஒருவன் கூவினான். "அபராதத்தச் சொல்லுங்க! மாப்பிள்ளை தப்பிக்கக் கூடாது!"

காஸியான் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பாதி மீசை, முழுக்க எரு, ஒரு கை சென்ஸியின் கையை இறுகப் பிடித்திருந்தது.

"அபராதம் இதுதான்," என்றார் உரக்க. "நாளைக்கு ரெண்டு பேரும் கால்ட்வாண்டுக்குப் போகக் கூடாது. நாளைக்கு மட்டுமில்ல. நான் உசுரோட இருக்கற வரைக்கும் எந்த மலைக்கும் போகக் கூடாது."

கூட்டம் அலறியது. தொலைநோக்கி வாங்கியவர்கள் தொப்பியைத் தரையில் அடித்தார்கள். "இது அநியாயம்! கல்யாணம் ஆன முதல் நாளே பிள்ளைங்க கனவுல மண்ணள்ளிப் போடறீரே!" வென்டலின் கதறிக் கதறி அழுதான். அது நிம்மதியில் வந்த அழுகை என்று தொழுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஊரோ அவனைச் சுற்றி நின்று முதுகைத் தடவி, மனசைத் தேத்திக்கோ என்று சாராயம் ஊற்றிக் கொடுத்தது.

"நீயெல்லாம் ஒரு வழிகாட்டியா?" என்று மீட்புக் குழுக்காரரே ஒருவர் காஸியானின் மூஞ்சிக்கு நேராகக் கேட்டார். "மலை ஏறப் பொறந்த பொண்ணு அது! பெத்த பொண்ணையே கட்டிப்போட்டுட்டியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"இல்ல," என்றார் காஸியான்.